அதிகாரம் கையில், பணம் எல்லைக்கு அப்பால்
எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்தின் அரை நூற்றாண்டு: அறக்கட்டளைச் சொற்பொழிவு

 

ஒரு பொதுப்பள்ளியை ஆள்வது யார், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அங்கே பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியே பேசுவதே வழக்கம். நிர்வாகத்தை ஆட்சியியலார் பேசுவார்கள், நிதியைப் பொருளியலார் பேசுவார்கள், தேர்ச்சியை ஆசிரியர்களும் பெற்றோரும் பேசுவார்கள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ நகரின் மேற்குப் பகுதியில் இருக்கும் எட்ஜ்வுட் என்ற சிறு பள்ளி மாவட்டத்தைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது. அதன் பெயர் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்தப்படுகிறது.

பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றதன்று. பள்ளிகளை நடத்துவதற்காக மட்டுமே எல்லை வகுக்கப்பட்ட தனி உள்ளாட்சி அமைப்பு அது. நகராட்சிக்குக் கட்டுப்பட்டதன்று, தானே வரி விதிக்கும், தானே கடன் வாங்கும், ஆசிரியரைத் தானே அமர்த்தும். டெக்சஸில் இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்டவை உள்ளன. ஒரே நகரத்துக்குள்ளும் பல இருக்கும். தெருவின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று. தமிழ்நாட்டில் அரசுப்பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஊர் ஏழையானாலும் செல்வமுள்ளதானாலும் ஊதிய விகிதம் ஒன்றுதான். அந்த ஏற்பாட்டுக்குப் பழகிய கண்ணுக்கு எட்ஜ்வுட்டின் கணக்கு முதலில் நம்பக்கூடியதாகவே இராது.

1. பெற்றோர் தேடிய குற்றவாளி

1968 மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பைவிட்டு வெளியேறி, கல்விக் கண்காணிப்பாளரின் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். தகுதி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும், இடிந்துகொண்டிருக்கும் கட்டடத்தைச் சீர்செய்ய வேண்டும், பாடம் நடத்தத் தேவையான பொருள்கள் வேண்டும் என்பவையே அவர்கள் கேட்டவை. அங்கே படித்தவர்களில் 90 சதவீதத்தினர் மெக்சிக்க வம்சாவளியினர். 6 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர்.

பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றோரும் திரண்டார்கள். உள்ளூர் நிர்வாகிகள் பணத்தை எங்கோ வீணடிக்கிறார்கள் என்பதே அவர்களின் முதல் சந்தேகம். இப்படிச் சந்தேகப்படுவது இயல்புதான். கண்ணுக்குத் தெரிவது உள்ளூர் அலுவலகம் மட்டுமே. அவர்கள் நாடிய வழக்கறிஞர் ஆர்தர் கோச்மன் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். குற்றம் உள்ளூர் நிர்வாகத்தில் இல்லை. மாநிலம் பள்ளிகளுக்குப் பணம் பிரிக்கும் முறையிலேயே இருக்கிறது என்றார். அந்த ஆண்டே வழக்கு பதிவானது. முதல் வாதியாகப் பெயர் கொடுத்தவர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ். கடற்படையிலும் வான்படையிலும் பணியாற்றியவர். கெல்லி வான்படைத் தளத்தில் தகட்டு வேலை செய்துவந்தார். அவருடைய மகன்கள் எட்ஜ்வுட் தொடக்கப் பள்ளியில் படித்தார்கள்.

கோச்மன் சொன்னதன் உண்மை நீதிமன்றத்தில் எண்களாக விரிந்தது. 1967–68 கல்வியாண்டில் எட்ஜ்வுட்டில் 25 பள்ளிகள், ஏறத்தாழ 22,000 மாணவர்கள். பெரிய கடைவீதியோ தொழிற்சாலையோ இல்லாத குடியிருப்புப் பகுதி அது. மாவட்டத்தில் வரி விதிக்கத்தக்க மொத்தச் சொத்தை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு 5,960 டாலர் வந்தது. சான் அந்தோனியோ பெருநகரின் ஏழு மாவட்டங்களில் அதுவே மிகக் குறைவு. அதே நகரின் செல்வச் செழிப்பான அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் அந்த மதிப்பு 49,000 டாலருக்கு மேல்.

எட்ஜ்வுட் மக்கள் வரி கட்டத் தயங்கியவர்கள் அல்லர். சொத்தின் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் 1.05 டாலர் கட்டினார்கள். பெருநகரில் அதுவே மிக உயர்ந்த விகிதம். எல்லாப் பள்ளிகளுக்கும் குறைந்தபட்ச நிதி தரும் மாநிலத்தின் அடித்தளத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, அந்த வரியிலிருந்து ஒரு மாணவருக்கு மிஞ்சியது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் மட்டும் விதித்தது. அதற்கு மிஞ்சியது 333 டாலர். மாநில உதவி எட்ஜ்வுட்டுக்கு 222 டாலர், அலமோ ஹைட்ஸுக்கு 225. ஏழை ஊரைவிடச் செல்வ ஊருக்கே மாநிலம் 3 டாலர் கூடுதலாகக் கொடுத்தது என்பதை இங்கே நிறுத்திப் படிக்க வேண்டும். மத்திய அரசின் உதவியும் சேர்ந்த பிறகு எட்ஜ்வுட் மாணவருக்கு 356 டாலர், அலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 594 டாலர்.

இந்த இடைவெளி வகுப்பறையில் எப்படித் தெரிந்தது? எட்ஜ்வுட் ஆசிரியர்களில் ஏறத்தாழ 47 சதவீதத்தினர் முழுத் தகுதி இல்லாமல் அவசரகால அனுமதியில் பாடம் நடத்தினார்கள். அலமோ ஹைட்ஸில் அப்படி 11 சதவீதத்தினர். அங்கே ஓர் ஆசிரியருக்கு 20 மாணவர் சொச்சம், இங்கே 26 சொச்சம். மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர் அங்கே 645 பேருக்கு ஒருவர், இங்கே 3,098 பேருக்கு ஒருவர். எட்ஜ்வுட்டின் உச்சச் சம்பளம் அலமோ ஹைட்ஸின் உச்சச் சம்பளத்தில் சுமார் 80 சதவீதம்தான். தகுதி பெற்ற ஆசிரியர் எங்கே வேலைக்குப் போவார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

2. ஐந்துக்கு நான்கு

மூன்று நீதிபதிகள் கொண்ட சான் அந்தோனியோ அமர்வு 1971 டிசம்பரில் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 1973 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. வழக்கின் பெயர் ‘சான் அந்தோனியோ சுயாட்சிப் பள்ளி மாவட்டம் எதிர் ரோட்ரிகஸ்’.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், நீதிபதியாவதற்கு முன் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர். உள்ளூர்ப் பள்ளியை உள்ளூர் மக்களே ஆள்வதன் அருமையை அனுபவத்தில் கண்டவர். கல்வி அமெரிக்க அரசியலமைப்பு உறுதிதரும் அடிப்படை உரிமை அன்று. மாநிலத்தின் நிதிமுறை குறையுள்ளதாயினும் உள்ளூர்க் கட்டுப்பாட்டைக் காக்கும் நோக்கம் அதற்கு உண்டு. அது போதும் என்பது அவர் முடிவின் சாரம். திருத்தம் வேண்டுமானால் சட்டமன்றங்கள் செய்யட்டும் என்று விட்டுவிட்டார்.

மாறுபட்ட தீர்ப்புகளில் தர்குட் மார்ஷல் எழுதியது நீளமானது, புகழ்பெற்றது. ஆனால் பவலின் வாதத்தை அதன் களத்திலேயே சந்தித்தவர் பைரன் ஒயிட். அவர் வைத்தது ஓர் எளிய கணக்கு. சான் அந்தோனியோ அடங்கிய கவுன்ட்டியில் மிக உயர்ந்த வரி ஈட்டும் மாவட்டத்துக்கு நிகராக ஈட்ட, அலமோ ஹைட்ஸ் 100 டாலருக்கு 68 சென்ட் விதித்தால் போதும். எட்ஜ்வுட் 5.76 டாலர் விதிக்க வேண்டும். ஆனால் மாநிலச் சட்டம் பராமரிப்பு வரிக்கு 1.50 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. எட்ஜ்வுட் மக்கள் தம் பிள்ளைகளுக்காக எவ்வளவு வரி கட்ட மனம் வைத்தாலும், அந்தத் தேர்வைச் சட்டமே தடுத்தது.

எட்ஜ்வுட்டுக்கு வாரியம் இருந்தது, தேர்தல் இருந்தது, வரி விதிக்கும் முத்திரையும் இருந்தது. ஆனால் எதையும் தீர்மானிக்கும் அளவுக்கு அந்த எல்லைக்குள் சொத்து இல்லை. வாக்குச்சாவடிக்குப் போகும் எவரும் தேர்ந்தெடுக்காத ஓர் அதிகாரி அந்த மாவட்டத்தை ஆண்டுகொண்டிருந்தார். எட்ஜ்வுட்டைச் சுற்றி என்றோ வரையப்பட்ட எல்லைக்கோடுதான் அவர். வழிவகை தராமல் தரப்படும் தன்னாட்சி, தோல்விக்கான பழியை மட்டும் உள்ளூரில் இறக்கி வைக்கிறது. இந்த உரை நிறுவ விரும்புவது இதையே.

3. ஊர்க்காரர் ஒருவர் செய்து காட்டியது

அப்படியானால் உள்ளூர் நிர்வாகத்துக்குப் பொருளே இல்லையா? உண்டு. அதற்கும் எட்ஜ்வுட்டே சாட்சி.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1969இல், ஹொசே கார்டினஸ் எட்ஜ்வுட்டின் கல்விக் கண்காணிப்பாளரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் மெக்சிக்க அமெரிக்கர் அவர். ஸ்பானிய மொழி பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தையைக் குறைபாடுள்ளதாகப் பார்க்காமல், பள்ளிதான் அந்தக் குழந்தைக்குப் பொருந்தாமல் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். இருமொழிக் கல்வியை எட்ஜ்வுட்டில் வளர்த்தார். ரோட்ரிகஸ் வழக்கில் சாட்சி சொன்னார். தோல்வியுற்ற 1973ஆம் ஆண்டிலேயே பதவியை விட்டு விலகி, பள்ளி நிதிச் சீர்திருத்தத்துக்காகவே ஓர் ஆய்வு அமைப்பைத் தொடங்கினார். ஐ.டி.ஆர்.ஏ. என்ற பெயரில் அது இன்றும் சான் அந்தோனியோவில் இயங்குகிறது. அதே மக்களிலிருந்து வந்த ஒருவரை வாரியம் தேடிப் பிடித்து நியமித்தது உள்ளூர் ஆட்சியின் பயன்தான். ஆனால் அவர் கையில் இருந்தது 356 டாலர் மாவட்டம்.

4. எழுநூற்றுக்கு ஒன்று

அமெரிக்க அரசியலமைப்பில் கதவு மூடியதும் வழக்கு மாநில அரசியலமைப்பைத் தேடிப் போனது. திறன்மிக்க இலவசப் பொதுப்பள்ளி முறையை நிறுவிப் பேணுவது சட்டமன்றத்தின் கடமை என்று டெக்சஸின் 1876ஆம் ஆண்டு அரசியலமைப்பு சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு 1984 மே மாதம் மெக்சிக்க அமெரிக்கச் சட்டப் பாதுகாப்பு நிதியம் எட்ஜ்வுட்டின் சார்பில் வழக்குத் தொடுத்தது. இம்முறை பெற்றோர் மட்டும் அல்ல, பள்ளி மாவட்டமே வாதி. மாநிலக் கல்வி ஆணையர் வில்லியம் கர்பி பிரதிவாதி.

1989 அக்டோபர் 2 அன்று மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் நின்றார்கள். மிகச் செல்வமுள்ள மாவட்டத்தில் ஒரு மாணவருக்கான சொத்து மதிப்பு 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல். மிக ஏழை மாவட்டத்தில் சுமார் 20,000. எழுநூற்றுக்கு ஒன்று என்ற விகிதம். எட்ஜ்வுட்டில் 38,854, அலமோ ஹைட்ஸில் 5,70,109. மிக ஏழையான 100 மாவட்டங்கள் சராசரியாக 74.5 சென்ட் வரி விதித்து மாணவருக்கு 2,978 டாலர் செலவிட்டன. மிகச் செல்வமுள்ள 100 மாவட்டங்கள் 47 சென்ட் மட்டும் விதித்து 7,233 டாலர் செலவிட்டன. இருபது ஆண்டுகளில் தொகைகள் மட்டுமே பெருத்திருந்தன. கூடுதலாக வரி கட்டியவர் குறைவாகப் பெறும் அமைப்பு அப்படியே இருந்தது.

தீர்ப்பு வந்த அன்றே நீதி வந்துவிடவில்லை. 1990இல் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் 1991இல் தள்ளியது. அடுத்த சட்டத்தை 1992இல் தள்ளியது. செல்வ மாவட்டத்தின் வரியைப் பகிர அனுமதிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 1993 மே மாதத்தில் வாக்காளர்கள் பெருவாரியாக நிராகரித்தார்கள். அந்த மாத இறுதியிலேயே வேறொரு சட்டம் கையெழுத்தானது. ஒரு மாணவருக்கான சொத்து மதிப்பு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வரியைச் செல்வ மாவட்டம் ஏதேனும் ஒரு வழியில் பகிர வேண்டும். மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ராபின் ஹூட்’. 1995 ஜனவரியில் நீதிமன்றம் அதை ஏற்றது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டாலும் அந்த ஏற்பாடு இன்றுவரை நிற்கிறது. அலமோ ஹைட்ஸும் அதில் பணம் செலுத்தும் மாவட்டம்.

டெமெட்ரியோ ரோட்ரிகஸ் 2013இல் காலமானார். அவர் வழக்குத் தொடுத்தபோது தொடக்கப் பள்ளியில் இருந்த மகன்கள், இந்தப் பகிர்வுச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பள்ளி வயதைக் கடந்திருந்தார்கள்.

5. ஆளும் முறை: ஏழு பேரும் ஓர் ஆணையரும்

இன்று எட்ஜ்வுட்டை ஆள்வது, மற்ற பெரும்பாலான டெக்சஸ் மாவட்டங்களைப் போலவே, ஏழு பேர் கொண்ட வாரியம். மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. கண்காணிப்பாளரை அமர்த்துவது, வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பது, வரிவிகிதம் நிர்ணயிப்பது, கொள்கை வகுப்பது ஆகியவை அவர்களின் பணி. அன்றாட நிர்வாகம் கண்காணிப்பாளருடையது. பள்ளி நடத்த ஒரு வரி, கட்டடக் கடனை அடைக்க வேறொரு வரி. கட்டடத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமென்றால் வாக்காளரின் ஒப்புதல் வேண்டும்.

இவர்களுக்கு மேலே மாநிலக் கல்வி முகமை. அதன் ஆணையரை ஆளுநர் நியமிக்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை ஒதுக்கிவிட்டு, தாம் நியமிக்கும் நிர்வாகக் குழுவிடம் மாவட்டத்தை ஒப்படைக்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு. 2016இல் எட்ஜ்வுட்டிலேயே அது நடந்தது. வாரியத்தின் நிர்வாகச் சீர்குலைவைக் காரணம் காட்டி மாநிலம் நிர்வாகக் குழுவை அமர்த்தியது. சில ஆண்டுகள் கழித்தே அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் திரும்பியது.

இந்த அத்தியாயத்தை மறைத்துவிட்டு எட்ஜ்வுட்டைப் பேசுவது நேர்மையாகாது. நிதி அநீதிக்கு எதிராகப் போராடி வென்ற மாவட்டம் என்பதால் அதன் வாரியம் எப்போதும் செம்மையாக நடந்தது என்று ஆகிவிடாது. உறுப்பினர்களின் பூசலுக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகளே. ஆனால் வாரியத்தைக் கலைப்பதும் ஊர்மக்களின் வாக்கைச் சில ஆண்டுகளுக்கு நிறுத்திவைப்பதுதான். தேர்ச்சி குறைவையே காரணமாகக் கொண்டு தலையிட 2015ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது: ஒரே ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தேறாவிட்டாலும் முழு மாவட்டத்தின் வாரியத்தை மாற்றலாம். அந்தச் சட்டத்தின்கீழ் 2023இல் மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டமான ஹூஸ்டனே மாநிலத்தின் கைக்குப் போனது. வாரியத்தைத் தண்டிக்க ஐந்து ஆண்டு போதும் என்று கருதும் மாநிலம், தன் நிதிமுறையைத் திருத்திக்கொள்ள 1968 முதல் 1993 வரை எடுத்துக்கொண்டது.

6. தேர்ச்சியை எதனால் அளப்பது?

டெக்சஸ் தன் பள்ளி மாவட்டங்களுக்கு 2018 முதல் எழுத்துத் தரம் வழங்குகிறது. ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்து மிகச் சிறந்தது. கடைசித் தரம் தோல்வி. மூன்று பகுதிகள் அதில் சேர்கின்றன: மாணவர் அடைந்த மதிப்பெண், சென்ற ஆண்டைவிட அவர்கள் வளர்ந்த அளவு, வெவ்வேறு பிரிவு மாணவர்களுக்கிடையே உள்ள இடைவெளி. முதல் பகுதி வீட்டின் வருமானத்தை ஒட்டியே பெரும்பாலும் ஏறி இறங்கும். எட்ஜ்வுட்டில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட மாணவர்கள் வறிய குடும்பத்தினர். அத்தகைய மாவட்டத்தில் பள்ளி என்ன செய்தது என்பதை இரண்டாம் பகுதியே நேர்மையாகச் சொல்லும். செய்தித்தாளில் வருவதோ ஒற்றை எழுத்து.

பணம் கூடினால் படிப்பு கூடுமா என்ற ஐயம் பழையது. 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, பள்ளி வளத்தைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. பவலின் தீர்ப்பும் அந்த ஐயத்தில் ஒரு பகுதியை ஊன்றி நின்றது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு இன்னும் கூர்மையான சான்று வந்தது. நீதிமன்ற ஆணைகளால் நாடெங்கும் நிகழ்ந்த நிதிச் சீர்திருத்தங்களைக் கொண்டு, அவற்றால் பயன்பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் எப்படி வாழ்ந்தார்கள் என்று கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ ஆகிய மூவர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக்காலம் முழுவதும் மாணவருக்கான செலவு 10 சதவீதம் கூடியிருந்தால், வளர்ந்தபின் ஊதியம் சுமார் 7 சதவீதம் உயர்ந்திருந்தது, படித்த ஆண்டுகள் கூடியிருந்தன, வறுமை குறைந்திருந்தது. வறிய வீட்டுப் பிள்ளைகளிடம் விளைவு இன்னும் வலுவாக இருந்தது. 1968இல் எட்ஜ்வுட் மாணவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டது பயனுள்ள கோரிக்கைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

7. சுருங்கும் மாவட்டம்

இன்றைய எட்ஜ்வுட்டின் சிக்கல் புதிய வகையானது. 22,000 மாணவர் இருந்த இடத்தில் இப்போது பத்தாயிரத்துக்கும் குறைவு. குடும்பங்கள் நகரின் வெளிப்புறம் நோக்கிப் போகின்றன. 1998இல் ஒரு தனியார் அறக்கட்டளை, எட்ஜ்வுட்டின் வறிய மாணவர்கள் தனியார் பள்ளிக்குப் போக உதவித்தொகை தரும் திட்டத்தைத் தொடங்கிப் பத்தாண்டுகள் நடத்தியது. அதற்காக அறிவிக்கப்பட்ட தொகை 5 கோடி டாலர். வெளியேறிய ஒவ்வொரு மாணவரோடும் மாநில நிதியும் வெளியேறியது. வகுப்பில் 28 பேர் 25 பேராகக் குறைந்தாலும் ஆசிரியர் சம்பளம், பேருந்து, மின்கட்டணம் எதுவும் குறைவதில்லை. 2025இல் டெக்சஸ் முழுவதற்குமாக, தனியார் கல்விச் செலவுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கும் சட்டம் வந்திருக்கிறது.

மாநிலம் பள்ளிகளுக்குப் பணம் பிரிக்கும் வாய்பாட்டின் அடித்தளத் தொகை 2019இல் மாணவருக்கு 6,160 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளில் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியும் அது அசையவில்லை. 2025இல் கூட்டியது 55 டாலர். ஆசிரியர் ஊதியத்துக்கெனத் தனியே பெருந்தொகை ஒதுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் மற்ற செலவுகளுக்கான இடைவெளி அடைபடவில்லை.

ஆகவே மூன்று திருத்தங்களை இந்த உரை முன்வைக்கிறது. முதலாவது, டெக்சஸ் இன்றும் சேர்க்கையை எண்ணாமல் சராசரி வருகையை எண்ணியே பணம் தருகிறது. நோயாலும் வீடு மாறுவதாலும் வறிய பிள்ளைகளே அதிகம் வராமல் போகிறார்கள். அவர்கள் வராத நாளுக்கும் அவர்களுக்கான ஆசிரியர் வகுப்பில் இருக்கிறார். பெயர்ப் பதிவை எண்ணிப் பணம் தர வேண்டும். இரண்டாவது, அடித்தளத் தொகை விலைவாசியோடு தானாகவே ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் சட்டமன்றத்தின் தயவுக்குக் காத்திருக்கக் கூடாது. மூன்றாவது, மாநிலம் ஒரு வாரியத்தை அகற்றும்போது, எந்தத் தேதியில் எந்த அளவுகோல்படி ஊர்மக்களுக்கு ஆட்சியைத் திருப்பித் தரும் என்பதையும் அதே ஆணையில் எழுத வேண்டும். டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடுகிறது; அடுத்த வழக்கமான அமர்வு 2027 ஜனவரியில். இம்மூன்றில் எதற்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, புதிய வழக்கும் வேண்டியதில்லை. சாதாரணச் சட்டம் ஒன்று போதும்.